முப்பது நொடி

சின்னத்துறையில் என் வயர் போன வீடுகள்
இருநூற்றுப் பதினான்கு.
நோட்டில் இப்போது தொண்ணூற்றொன்று.
மற்ற பெயர்கள் மேல் நீல மையில் ஒரு கோடு,
சிலவற்றின் ஓரத்தில்
நானே பென்சிலில் போட்ட கேள்விக்குறி.

"மெற்றில்டாக்கா, ஸ்போர்ட்ஸ மட்டும் வெட்டிப்போடுங்க"
முதலில் சொன்னது ததேயுஸ்.
பிரேசில் தோற்ற வருஷம்
மூன்று நாள் கடலுக்குப் போகாமல்
சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன்.
கோல் விழுந்த அஞ்சாம் நிமிஷம்
போனில் வந்துவிடுகிறதாம், கோல் மட்டும்.
"மத்த நேரமெல்லாம் சும்மா ஓடுறத
எதுக்குக்கா பைசா குடுத்துப் பாக்கணும்?"

சும்மா ஓடுவது.
அதைத்தானே அப்பா
இருபது வருஷம் கம்பத்தில் ஏறி ஏறி
வீடு வீடாக இழுத்துக் கொடுத்தார்.

சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
இணைப்பு குறைந்ததன் காரணம்
விலையா, சேவையா, மற்றவையா?
மற்றவை என்றேன்.
சற்று விளக்க முடியுமா மேடம்?

விளக்கினேன்.
டெல்பின் வீட்டில் நாற்பத்துமூன்று இஞ்ச் டிவி
அதன் முன்னால் நாலு பேர், நாலு போன்.
கிளீட்டஸின் போட்டில் சமையல்காரன்
கொச்சியில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்ட
இறுதி ஆட்டத்தை
அது முடிந்து ஒன்பது நாள் கழித்து
வலை போட்டுவிட்டுப் பார்த்தார்கள்;
அதுவரை வயர்லெஸ்ஸில் யாரும்
ஸ்கோர் சொல்லக்கூடாதென்று சத்தியம்.
நடுக்கடலில் பதினொரு பேர் எழுந்து கத்தினார்களாம்.
அது நேரலையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

தட்டச்சும் சத்தம் கேட்டது.
மிகக் குறைவாகத்தான் தட்டினாள்.

ஆனாலும் ஒன்று உண்டு.
என் வயரில் முதலில் வரும்.
போனுக்கு முப்பது நொடி கழித்துத்தான்.
ராத்திரி ஒன்றரைக்கு கோல் விழுந்தால்
தொண்ணூற்றொரு வீட்டில்
விழித்திருக்கும் ஏழெட்டு வீடு மட்டும் அலறும்.
பிறகு அமைதி.
நாய் கூடக் குரைத்து முடித்திருக்கும்.
அப்புறம் தெருவெல்லாம், மொட்டை மாடியெல்லாம்,
படகுத் துறையில் சாய்ந்து கிடக்கும் பையன்களெல்லாம்.
மின்னலும் இடியும் போல என்று சொல்லத் தோன்றும்.
இல்லை. எனக்கு அது
குர்பானாவுக்குப் பிந்தி வந்தவர்கள்
வாசலிலேயே முழங்காலிடுவது போல.

போன மாதம் பிரிஜின் வந்து கதவைத் தட்டினான்.
"அக்கா, உங்க ஆளுகள
கத்தாமப் பாக்கச் சொல்லுங்க.
எங்க கோலெல்லாம் கெட்டுப்போகுது."
இத்தனை வருஷத்தில் வந்த புகார்களில்
சிரித்துக்கொண்டே எழுதி வைத்தது
அது ஒன்றுதான்.
பெனால்ட்டி நேரத்தில் அவர்கள்
போனைப் பார்ப்பதில்லையாம்,
கிளீட்டஸ் வீட்டு சன்னலைப் பார்ப்பார்களாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
சனிக்கிழமை நாகர்கோவிலில்
பெண்பிள்ளைகளின் அரையிறுதி.
என் அஜிஷா இடது பக்கத் தடுப்பு.
என்னிடம் இருக்கும் பதினாறு விளையாட்டுச் சேனலில்
எதிலும் வராத ஆட்டம்.
யாரோ ஒரு பையன் கோட்டோரம் நின்று
போனில் காட்டினான்.
பார்ப்பவர்கள் நாற்பத்தொரு பேர்.
பாதி ஆட்டம் அவன் கட்டைவிரல்,
மீதி ஆட்டம் வெயில்.
பந்து எங்கே என்றே தெரியவில்லை.
அவள் சும்மா ஓடிக்கொண்டிருந்தாள்,
மேலும் கீழும், மேலும் கீழும்,
எண்பது நிமிஷம். ஒரு நொடி தவறவிடவில்லை நான்.

கண்ட்ரோல் ரூமில் பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன.
எங்கேயோ ஒரு ஊரில்
ஒளிவெள்ளத்தில் யாரோ கோப்பை தூக்கினார்கள்.
எட்டிப்போய்
அந்தச் சத்தத்தைக் குறைத்தேன்.